மரப்பு விடும் நேரம்

(அக்டோபர் 16, உலக மயக்கவியல் நாளையொட்டிப் புதுச்சேரியின் சேதராப்பட்டில் மகளிர் குழுவினர் கூட்டிய மாலைக் கூட்டத்தில் மயக்க மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



முன்வரிசைப் பெரியம்மாக்களுக்கும், முதல் ஷிப்டு முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் சாப்பாட்டுப் பையோடு நேராக இங்கே வந்திருக்கிற தங்கைகளுக்கும், பின்னால் சுவரோரம் கூச்சத்தோடு நிற்கிற ஆண்களுக்கும் வணக்கம். ஆண்கள் உள்ளே வந்து உட்காரலாம். இன்றைய பேச்சில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

என்னை ஊரில் ‘மயக்க டாக்டர்’ என்பார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயர் பேரப்பிள்ளை காலம் வரை வீட்டில் நினைவிருக்கும். மயக்கம் கொடுத்தவர் முகம் வீடு திரும்புவதற்குள் மறந்துபோகும். எனக்கு அதில் வருத்தமில்லை. முகம் மறந்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். ஆனால் ஒருவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

படிப்பு முடித்த புதிதில் நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். இரவு இரண்டு மணி, பெண்கள் வார்டு. நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மா. நெடுநாள் பெரும்பாடு, கர்ப்பப்பையில் கட்டி. அன்று காலைதான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்தது நான்தான். ஆபரேஷன் முடிந்து வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது, “ஒண்ணுமே தெரியலம்மா, நீ நல்லா இருக்கணும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது.

இரவு வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனவள் அந்தக் கட்டிலைக் கடந்தேன். அவர் ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். முந்தானையைச் சுருட்டிப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். “வலிக்குதாம்மா?” என்றேன். துணியை எடுத்துவிட்டு, “இல்லம்மா, பரவால்ல” என்றார். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த மாமியார் எழுந்து உட்கார்ந்தார். “மூணு புள்ள பெத்தவம்மா அவ. இத்த தாங்கிக்க மாட்டாளா?”

கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். ‘வலி இருப்பதாகச் சொன்னால் ஊசி’ என்று எழுதியிருந்தது. அவர் சொல்லவில்லை. அதனால் யாரும் போடவில்லை. சிஸ்டர் மேல் தப்பில்லை. நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர். காலையில் போட்ட மரப்பு எத்தனை மணிக்கு விடும், விட்ட பிறகு என்ன செய்வது என்று எழுதிவைக்க வேண்டியவள் நான். எழுதவில்லை.

இன்றைய என் பேச்சு முழுவதும் நான் எழுதாத அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

‘வலி’ என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திருக்குறளில் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. நோவை அறிவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை; பலத்தை அறிவதைப் பற்றியது. பழந்தமிழில் வலி என்றால் பலம். வலிமை, வலியவர் எல்லாம் அதிலிருந்து வந்தவை. இன்று அதே சொல் நோவுக்கும் நிற்கிறது. இதனால்தானோ என்னவோ, நோவைப் பொறுப்பதே பலம் என்று நாம் நினைத்துக்கொண்டோம். அதிலும் பெண்ணுக்கு அதை ஒரு தேர்வாகவே வைத்திருக்கிறோம். “பிரசவ வலியையே பொறுத்தவ” என்று சொன்னால் பேச்சு முடிந்துபோகிறது. பிரசவ வலி விட்டு விட்டு வரும். நடுவில் மூச்சு வாங்க இடம் தரும். வெட்டித் தைத்த காயம் இடைவெளி தராது. இரண்டையும் ஒரே படியில் அளக்க முடியாது.

பொறுத்துக்கொண்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். கெடும். வயிறு வலிக்கிற பெண் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார். இரும மாட்டார். சளி நெஞ்சிலேயே தங்கிக் காய்ச்சலாக மாறும். எழுந்து நடக்க மாட்டார். காலில் இரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இதற்கும் மேல் ஒன்று. டென்மார்க்கில் கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆண்டு கழித்து விசாரித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இன்னும் அடிவயிற்றில் வலி இருக்கிறது என்றார்கள். அவர்களில் பலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே வலி இருந்தது. ஆபரேஷனை அடுத்த நாட்களில் கடுமையான வலி பட்டவர்களுக்கும் அது தங்கிவிடும் வாய்ப்பு கூடுதல் என்று வேறு ஆய்வுகளில் தெரிந்தது. முதல் இரண்டு நாள் வலியை அந்த இரண்டு நாளோடு முடிந்த விஷயமாக நினைக்க முடியாது.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? கர்ப்பப்பை எடுத்த பிறகு இரண்டு வலி சேர்ந்து வரும். இது புரிந்தால் மீதி எல்லாம் புரியும்.

முதலாவது சுவர் வலி. அடிவயிற்றில் குறுக்கே கீறித் திறந்து, பிறகு அடுக்கடுக்காகத் தைத்த இடம். இந்த வலிக்கு முகவரி உண்டு. விரல் வைத்துக் காட்டலாம். எரியும், சுருக்கென்று குத்தும், இருமினால் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டாவது உள்வலி. கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடித்திருந்த தசைநார்களையும் இரத்தக் குழாய்களையும் கட்டி வெட்டிய இடம். இதற்கு முகவரி கிடையாது. இடுப்பு கடுக்கும், அடிமுதுகு குடையும், தொடை வரை இழுக்கும். தூரம் நிற்பதற்கு முன் மாதாமாதம் எங்கெல்லாம் வலித்ததோ அங்கெல்லாம் வலிக்கும். வயிற்றுச் சுவரின் நரம்புகள் ஒரு பாதையில் போகின்றன. கர்ப்பப்பையின் நரம்புகள் வேறு பாதையில் முதுகுத்தண்டுக்குப் போகின்றன. ஒரு பாதையை அடைத்தால் மற்றது அடைபடாது.

அடைப்பது என்றேன். எப்படி அடைக்கிறோம்?

ஊசுட்டேரிப் பக்கம் பயிர் வைத்தவர்கள் இங்கே இருப்பீர்கள். வாய்க்காலில் தண்ணீர் வர மதகு திறக்க வேண்டும். நரம்பும் அப்படித்தான். நரம்பு நெடுகக் கண்ணுக்குத் தெரியாத குட்டி மதகுகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று திறந்தால் சோடியம், அதாவது உப்பில் இருக்கிற அதே சோடியம், உள்ளே பாயும். அது அடுத்த மதகைத் திறக்கும். அப்படியே ஓடிப்போய் மூளையில் ‘வலிக்குது’ என்று விழும். மரப்பு மருந்து நரம்பின் உள்ளே நுழைந்து அந்த மதகை உட்புறமாகப் போய் அடைக்கிறது. செய்தி அந்த இடத்தோடு நின்றுபோகிறது. பல் பிடுங்கும்போது போடுகிற ஊசியும் இந்தக் குடும்பம்தான். ஆளைத் தூங்க வைக்காது. அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மதகை அடைத்ததால் ஏரியில் தண்ணீர் இல்லாமல் போய்விடுவதில்லை. காயம் அப்படியே இருக்கிறது. ஓடுகிற இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் கழுவிக்கொண்டு போகும். மதகு திறக்கும். தேங்கி நின்ற தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது போல இருக்கும். நான் பார்த்த இரவு இரண்டு மணிக்கு அந்த மதகு திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

இந்த மருந்துகள் வந்த கதை சுவையானது. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் நம் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இன்று கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மருக்கு அதுதான் வேர். அந்தப் பள்ளி தொடங்கியபோது ஈதர் மயக்கம் கிடையாது. பாஸ்டன் நகரில் 1846 அக்டோபர் 16 அன்று ஈதர் கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் ஆபரேஷன் செய்து காட்டிய நாளைத்தான் இன்று கொண்டாடுகிறோம். அதற்கு இன்னும் 23 ஆண்டு இருந்தது. அதுவரை கத்தி என்றால் பிடித்து அமுக்க நாலு ஆள் என்று பொருள்.

ஈதர் ஆளையே தூங்க வைத்தது. ஓர் இடத்தை மட்டும் மரக்க வைப்பது 1884-இல் வந்தது. வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கோக்கா இலையிலிருந்து எடுத்த கோக்கெய்ன் கரைசலைச் சொட்டினால் கண் மரத்துப்போவதைக் கண்டுபிடித்தார். ஜெர்மனியில் நடந்த கண் மருத்துவர் மாநாட்டுக்குப் போகக் கையில் காசில்லை. அவர் எழுதியதை வேறொருவர் வாசித்தார். சில வாரங்களில் உலகம் முழுக்க அது பரவியது. ஆனால் கோக்கெய்னுக்கு இன்னொரு முகம் உண்டு. நரம்பில் ஊசி போட்டு மரக்க வைக்கும் வித்தையை வளர்த்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையானார்.

எனக்குப் பிடித்த கதை ஆகஸ்ட் பியருடையது. 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் முதுகுத்தண்டு நீரில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தவர். நம் ஊரில் சிசேரியனுக்குப் போடுகிற முதுகு ஊசிக்கு அவர்தான் முன்னோடி. அவரும் அவருடைய உதவியாளர் ஹில்டபிராண்டும் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுப் பார்க்க முடிவு செய்தார்கள். பியருக்குப் போடும்போது ஊசியும் குழலும் பொருந்தாமல் தண்டுநீர் ஒழுகியதுதான் மிச்சம். பிறகு பியர் ஹில்டபிராண்டுக்குப் போட்டார். மரத்துவிட்டதா என்று பார்க்க அவர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்தார், சுருட்டால் சுட்டார், முடியைப் பிடுங்கினார். ஹில்டபிராண்டு அசையவில்லை. இருவரும் வெற்றியைக் கொண்டாடி மது அருந்திச் சுருட்டுப் பிடித்தார்கள். மரப்பு விட்டது. ஹில்டபிராண்டுக்கு அடிபட்ட இடமெல்லாம் கன்றிப்போய் வலி. பியருக்குப் பல நாள் எழ முடியாத தலைவலி.

மரப்பு எவ்வளவு நன்றாகப் பிடித்தது என்று சோதித்தவர்கள், விட்ட பிறகு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அவர்கள் செய்ததைத்தான் அந்த அம்மாவுக்கு நானும் செய்தேன்.

கோக்கெய்ன் ஆபத்து என்றதும் வேதியியல் அறிஞர்கள் மாற்றுத் தேடினார்கள். 1943-இல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் லிக்னோகெய்னை உருவாக்கினார். பல் டாக்டர் போடுவது பெரும்பாலும் அதுதான். 1957-இல் அதே நாட்டில் பியூபிவகெய்ன் வந்தது. லிக்னோகெய்ன் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும் என்றால் இது பல மணி நேரம் நிற்கும். பிறகு இதயத்துக்குக் கொஞ்சம் சாதுவான ரோப்பிவகெய்ன். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பின் வலி தணிக்க நாங்கள் நம்புவது கடைசி இரண்டையும்தான்.

இவற்றை எங்கே போடுவது? கர்ப்பப்பையை எடுக்க மூன்று வழி உண்டு. வயிற்றைத் திறந்து எடுப்பது, கீழ்வழியாக எடுப்பது, வயிற்றில் சில துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் எடுப்பது. வழிக்குத் தகுந்த மாதிரி ஊசி மாறும்.

வயிற்றைத் திறந்தவர்களுக்கு எளிதானது, தையல் போடும்போதே வெட்டின் ஓரம் நெடுகத் தோலுக்கடியில் மருந்தைச் செலுத்துவது. சில நிமிட வேலை; பெரிய கருவி வேண்டாம். சில ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது, சிலவற்றில் பெரிதாக இல்லை. பலன் கிடைத்தாலும் நாலு மணி முதல் எட்டு மணி நேரம்தான்.

அடுத்தது ‘டாப் பிளாக்’. பக்கவாட்டு வயிற்றில் மூன்று தசைகள் போர்வை மடித்தது போல ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. வயிற்றுச் சுவருக்கு வருகிற நரம்புகள் இரண்டாவது மடிப்புக்கும் மூன்றாவது மடிப்புக்கும் நடுவில் ஓடுகின்றன. அந்த இடைவெளியில் மருந்தை விட்டால் பல நரம்புகள் ஒன்றாக மரக்கும். 2001-இல் இதை இடுப்புக்கு மேலே கையால் தடவி இடம் பார்த்துப் போட்டார்கள். இன்று ஸ்கேன் கருவியை வயிற்றின் ஓரம் வைத்துத் திரையில் பார்த்தே போடுகிறோம். ஊசி முனை சரியான மடிப்பில் நிற்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு சொட்டு விடுவோம். இரண்டு வெள்ளைக் கோடுகள் மெல்லப் பிரிந்து நடுவில் கறுப்பாக ஒரு கண் திறக்கும். தண்ணீர் புகுந்த பையைப் போல அது உப்பும்போதே தெரிந்துவிடும், இன்று இந்த அம்மா தூங்குவார் என்று. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை எடுத்த 50 பெண்களை வைத்து அயர்லாந்து மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், டாப் பிளாக் போட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரத்தில் தேவைப்பட்ட மார்ஃபின் வலி மருந்தின் அளவு மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழப் பாதி. ஆனால் லேப்ராஸ்கோப்பியில் எடுத்தவர்களுக்கு இந்த ஊசியால் வருகிற பலன் சொற்பம். காரணம் நீங்களே சொல்லிவிடலாம். துளை சிறியது என்பதால் சுவர் வலி குறைவு, உள்வலிதான் அதிகம். டாப் பிளாக் சுவர்ப் பாதையை மட்டும் அடைக்கும், உள்பாதையைத் தொடாது. கீழ்வழியாக எடுப்பவர்களுக்குக் கர்ப்பப்பை வாயைச் சுற்றி மருந்து செலுத்துவார்கள். முதல் சில மணி நேரம் நன்றாக இருக்கும். இரண்டு பாதையையும் ஒன்றாக அடைப்பது முதுகு வழியாகத்தான். ஸ்பைனல் ஊசி சில மணி நேரம் நிற்கும். எபிடியூரல் என்று மெல்லிய குழாயை முதுகில் வைத்தால் நாள்கணக்கில் மருந்து விடலாம். அதற்கு ஆளும் கவனிப்பும் வேண்டும்.

முதுகு ஊசி என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தீர்கள். நான் கவனித்தேன். “அந்த ஊசி போட்டதிலிருந்தே முதுகு வலிம்மா” என்று எனக்கு வாரம் நாலு பேர் சொல்வார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்குத் தலைவலி வரும், பியருக்கு வந்தது போல. இன்றைய மெல்லிய ஊசியில் அது மிகவும் குறைந்துவிட்டது. ஆண்டுக்கணக்கான முதுகு வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. குழந்தையைத் தூக்கிக் குனிந்து நிமிர்வதும், தளர்ந்த வயிற்றுத் தசையும், எட்டு மணி நேரம் கம்பெனியில் நின்றுகொண்டே செய்கிற வேலையும் காரணமாக இருக்கும். ஊசி பாவம், நடுவில் மாட்டிக்கொண்டது.

இவ்வளவு நல்ல மருந்தென்றால் நிறையப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கரும்பலகையில் எழுதுகிறேன். பியூபிவகெய்ன் ஒரு கிலோ உடல் எடைக்கு 2 மில்லிகிராம் என்பது பொதுவாக வைத்துக்கொள்கிற எல்லை. 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 100 மில்லிகிராம். 0.25 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 2.5 மில்லிகிராம் இருக்கும். ஆக 40 மில்லி, பக்கத்துக்கு 20. அதே மருந்து 0.5 சதவீதம் என்றால் மொத்தமே 20 மில்லிதான். புட்டி பார்க்க ஒன்று போலவே இருக்கும். சர்ஜன் தையலில் 20 மில்லி போட்டுவிட்டு, அது தெரியாமல் நான் இன்னொரு முழு அளவைப் போட்டால்? அதனால்தான் போடுமுன் ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொள்வோம்.

அளவு மீறினாலோ, தவறி நேராக இரத்தக் குழாயில் போனாலோ, வாயைச் சுற்றி மரக்கும், நாக்கில் இரும்புச் சுவை தட்டும், காதில் ரீங்காரம் கேட்கும். பிறகு வலிப்பு. மோசமானால் இதயம் நிற்கும். எங்கள் தலைமுறைக்கு முன்னால் அப்படி நின்ற இதயத்தைத் திருப்பிக் கொண்டுவருவது மிகவும் கடினமாக இருந்தது. 1998-இல் அமெரிக்க மயக்க மருத்துவர் கை வைன்பர்க், சோயா எண்ணெயில் செய்த, பால் போல வெள்ளையான கொழுப்புக் கரைசலை எலிகளுக்கு நரம்பில் ஏற்றினால் இந்த நஞ்சு முறிவதைக் காட்டினார். சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஊட்டமாக ஏற்றுகிற அதே கரைசல். 2006-இல் அது மனித உயிரைக் காப்பாற்றிய செய்தி வெளியானது. இன்று மரப்பு ஊசி போடுகிற அறையில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு ‘வாயில ஒரு மாதிரி இருக்கு’ என்று தோன்றினால் கூச்சப்படாமல் உடனே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காக்கும்.

மார்ஃபின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? மார்ஃபின் நல்ல மருந்து. ஆனால் குமட்டும், மலம் கட்டும், அளவு கூடினால் மூச்சை மெதுவாக்கும். தவிர, 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் அது கிடைப்பதே அரிதானது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி உரிம முறையை எளிதாக்கிய பிறகும் பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைப்பதில்லை. மரப்பு மருந்துக்கு அந்தப் பூட்டு கிடையாது. விலையும் குறைவு. மார்ஃபின் எட்டாத ஊர்களுக்கு இதுதான் ஏழைப் பெண்ணின் வலி மருந்து.

தனியாக இது போதாது. இரண்டு வலி என்றேனே. சுவர் வலியை மரப்பு ஊசி பார்த்துக்கொள்ளும். உள்வலிக்கு மாத்திரையும் ஊசியும் வேண்டும். பாரசிட்டமால், கூடவே சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ ஆஸ்துமாவோ இல்லாதவர்களுக்கு டைக்ளோஃபெனாக் வகை. டாக்டர் எழுதித் தருகிற இவற்றை வலி வந்த பிறகு போடக் கூடாது. மணி பார்த்துப் போட வேண்டும். மரப்பு விடுவதற்குள் மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு ஆபரேஷன் முடிந்து டாப் பிளாக் போட்டால், அது அரை நாள் நிற்கும் என்று வைத்தாலும், விடுவது நள்ளிரவில். எல்லோரும் தூங்குகிற நேரம். அந்த நேரத்துக்குத்தான் ஏற்பாடு வேண்டும்.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். வலியில்லாமல் எடுத்துவிடலாம் என்பதற்காகத் தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்துக்கு யாரும் தலையாட்டிவிடக் கூடாது. 2015-16 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 3.2 சதவீதம் பேர் கர்ப்பப்பை எடுத்துக்கொண்டவர்கள். ஆந்திராவில் 8.9 சதவீதம். நாடு முழுவதும் பார்த்தால், எடுத்தபோது பாதிப் பேருக்கு வயது 34 அல்லது அதற்கும் கீழ். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பப்பை இல்லை என்று 2019-இல் அரசுக் குழு கண்டது. மாதவிலக்கில் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி பிடிப்பு. அதற்குப் பயந்து எடுத்துக்கொண்டவர்கள் அவர்களில் பலர். டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பெரும்பாட்டுக்கு மாத்திரை உண்டு, காப்பர்-டி போல உள்ளே வைக்கிற ஹார்மோன் சாதனம் உண்டு. புற்றுநோயோ, அடங்காத உதிரப்போக்கோ, பெரிய கட்டியோ, அடியிறக்கமோ என்றால் எடுக்கத்தான் வேண்டும். ‘எடுக்காமல் வேறு வழி இருக்கிறதா’ என்பது முதல் கேள்வி. வலியைப் பற்றிய கேள்வி அதற்கு அடுத்ததுதான்.

அந்த அடுத்த கேள்வியைக் கேட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிற ஒரு பெண் தன் அம்மாவை அழைத்து வந்திருந்தாள். அம்மாவுக்கு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை எடுக்க வேண்டும். முதல் நாள் மாலை நான் போய்ப் பார்த்து, முதுகில் ஊசி போடுவோம், முடிந்ததும் வயிற்றின் இரண்டு பக்கமும் மரப்பு ஊசி போடுவோம் என்று விளக்கினேன். அம்மா வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அந்தப் பெண் மட்டும் கேட்டாள்: “எத்தன மணிக்கு விடும் டாக்டரம்மா?”

இத்தனை ஆண்டில் என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. டாக்டர்களே கேட்டதில்லை. “நடுராத்திரி வாக்குல” என்றேன். “அப்போ மாத்திர எப்போ?” என்றாள். நேரங்களைச் சொன்னேன். மாத்திரைப் பட்டையின் பின்னால் பேனாவால் 6, 12, 6 என்று எழுதிக்கொண்டாள். கேஸ் ஷீட்டில் நானும் அதையே எழுதினேன். ‘சொன்னால்’ என்ற வார்த்தை அதில் இல்லை.

அடுத்த நாள் காலை வார்டுக்குப் போனேன். அம்மா இரண்டு கையாலும் ஒரு சின்னத் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு, இருமிச் சளியைத் துப்பிக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்து நாலு எட்டு வைத்தார். “வலி இருக்குதா?” என்றேன். “இருக்குதும்மா. ஆனா தூங்கினேன்” என்றார். மகளிடம், நேரத்துக்குச் சிஸ்டரை எழுப்பினாயா என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினாள். முதல் ஷிப்டுக்கு எழுந்திருக்க வைக்கிற அலாரத்துக்கு மேலே, இரவு 11.45-க்கு இன்னொரு அலாரம் இருந்தது.

பின்னால் நிற்கிற ஆண்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்றேன் அல்லவா. பெண்கள் வார்டில் இரவு தங்க உங்களை விடமாட்டார்கள். ஆனால் உங்களிடமும் போன் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், முதல் நாளே டாக்டரிடம் அந்தப் பெண் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து, துணைக்கு இருப்பவரைக் கூப்பிட்டு எழுப்புங்கள்.